ஒரே வீட்டில் இரண்டு மசக்கை

எழுபத்தொன்பதில், அலங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு மசக்கை. ஒருத்தி நான், புது மருமகள், நாலு மாதம் முடியப்போகிறது. இன்னொருத்தி என் மாமியார் முத்துத்தாய். அவருக்கு வயது நாற்பத்தொன்று.

மீன் குழம்பு கொதித்த வாசனை தாங்காமல் கொல்லைக்கு ஓடினேன். அத்தை எனக்கு முன்பே அங்கே குனிந்திருந்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "வெளிய சொல்லிறாத ஜெயக்கொடி" என்றார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல நாங்கள் நெருக்கமாக இருந்ததே இல்லை. ஆம்பளைகள் வயலுக்குப் போனதும் புளியங்கொழுந்தை உப்பு வைத்து நசுக்கி ஒரே கிண்ணத்தில் தின்போம். ஒருத்தி சோறு வடித்தால் இன்னொருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள். என்ன சிரிப்பு சிரித்திருக்கிறோம்! அந்தப் புளிப்பை இப்போது நினைத்தாலும் வாய் ஊறுகிறது.

பிறகு ஒரு நாள் காலையில், மாமா சிவனாண்டி முன்னாலேயே, "மருதைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன். எனக்கு இது வேணாம்" என்றார் அத்தை.

மாமா கத்தவில்லை. கெஞ்சினார். "கொலசாமி குடுத்தத வேணாங்கலாமா? பாவம்டி. ஊரு சிரிச்சா சிரிக்கட்டும், நான் வளக்குறேன்."

"நீங்க வளப்பீக. நான்ல பெறணும்."

மதுரைக்கு நான்தான் துணைக்குப் போனேன். பஸ்ஸில் கூட்டம். "மாசமா இருக்க பிள்ளைக்கு எடம் விடுங்கப்பா" என்று கண்டக்டர் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். நான் ஒடுங்கிக்கொண்டு அத்தையையும் பக்கத்தில் உட்கார வைத்தேன். அந்த வாரம்தான் என் பிள்ளை அசைய ஆரம்பித்திருந்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அத்தே, என் வயித்துல இருக்குறது உசுருன்னா, உங்க வயித்துல இருக்குறது என்னத்தே?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் சொன்னார். "உசுரு இல்லன்னு நான் எங்கடி சொன்னேன்? கடைசிப் பிரசவத்துல ரத்தம் நிக்காம, என்னயக் கட்டிலோட தூக்கிட்டு ஓடுனாக. மறுபடி அப்படிக் கெடக்கப் பயமா இருக்கு. ஊருக்கு வெக்கப்பட்டுப் போறேன்னு மட்டும் நெனைக்காத."

எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஆனாலும் இறங்கியதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன்.

டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, "உடம்புல ரத்தமே இல்ல. பெத்துக்கிறது ஆபத்துதான். ஆனா முடிவு நீங்க சொல்லணும்" என்றார். அத்தை கைநாட்டு வைத்தார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். யாருக்காக அழுதேன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

மாமா ஒரு மாதம் போல அத்தையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வாரம் தவறாமல் ஆட்டு ஈரல் வாங்கி வந்து, "அவளுக்கு வறுத்துக் குடு, ரத்தம் ஊறணும்ல" என்று என்னிடம் நீட்டுவார்.

என் மகள் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியது அத்தைதான். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றும் அத்தைதான் கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றியவர், "அது இருந்திருந்தா இவ கையப் பிடிச்சுக்கிட்டுப் போயிருக்கும்" என்றார்.

"தப்புப் பண்ணிட்டோம்னு தோணுதாத்தே?"

"தோணல. நெனப்பு வருது, அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு, மாமாவுக்குச் சோறு போட உள்ளே போனார்.