வலது கை

கர்ப்பத்தில் ஷாரோனுக்கு ரத்த அழுத்தம் ஏறியதால் சாம் எட்டாம் மாதத்திலேயே பிறந்தான். இப்போது அவனுக்கு ஏழு மாதம்.

கணவன் பெஞ்சமின் குற்றாலத்திலிருந்து ரம்புட்டான் பழம் வாங்கி வந்திருந்தான். சிவப்பாக ஒன்றை எடுத்துக் குழந்தையின் வலப்பக்கம் நீட்டினாள் ஷாரோன். இடது கைதான் குறுக்கே வந்து பிடித்தது.

"ஏட்டி, எங்க அப்பா மாதிரி இடதுகைக்காரன்!" என்று சிரித்தான் பெஞ்சமின்.

"பக்கத்துல கெடக்க கைய விட்டுட்டு எதுக்குங்க சுத்தி நீட்டுதான்?"

அவனது இடது கையை மெல்லப் பிடித்துக்கொண்டு பழத்தை மறுபடி நீட்டிப் பார்த்தாள். வலது கை விரல் மூடியபடி அசையாமல் கிடந்தது.

மறுநாள் தென்காசியில் டாக்டர் பார்த்தார். "ஒரு வயசுக்குள்ள பிள்ளைங்க ஒரு கையை மட்டும் பயன்படுத்தாது. குறைமாசத்துல பிறந்த பிள்ளை, மூளை பாதிப்பால கை கால் இயக்கம் குறையுற பெருமூளை வாதமா இருக்கலாம். ஸ்கேன் பார்ப்போம். பயிற்சியை இன்னைக்கே தொடங்கலாம்."

பெஞ்சமினின் முகம் வாடியது.

"அந்தக் கைக்கு மொதல்ல என்ன பழக்கணும் டாக்டர்?" என்று கேட்டாள் ஷாரோன்.

டாக்டர் சாமின் வலது புறங்கையை மெல்லத் தடவிக் காட்டினார். விரல்கள் கொஞ்சமாகத் திறந்தன.