பதினோரு விநாடி

எங்கள் குடும்பத்தில் யாராவது பிறந்தநாள் வீடியோவுக்கு ஒரு சினிமாப் பாட்டை ஒட்டி இணையத்தில் போட்டால் முதலில் சண்டைக்குப் போகிறவள் நான்தான். "அந்தப் பாட்டு என்ன உங்க மாமனார் வீட்டுச் சொத்தா?" என்று கேட்டுவிடுவேன். எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று மூன்று பேர் வயிற்றில் அடிக்கிறீர்கள் என்று பிரசங்கமும் உண்டு. "இவ வந்தா விசிலடிக்கவே பயமா இருக்கு" என்பார் பெரிய மாமா. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டேன். பதினான்கு வருடமாக அதுதான் என் பிழைப்பு.

பாட்டு நிறுவனங்களுக்காக இணையத்தைக் காவல் காக்கிற அலுவலகம் எங்களுடையது. அனுமதியில்லாமல் யாராவது அவர்கள் பாட்டைப் பயன்படுத்தினால் இயந்திரம் மோப்பம் பிடித்து எங்கள் திரைக்கு அனுப்பும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அதே பாட்டுதானா என்று கேட்டுப் பார்த்து, 'ஆம்' என்று அழுத்த வேண்டியது எங்கள் வேலை. ஒரு நாளைக்கு இருநூறு வீடியோவாவது முடிக்க வேண்டும். பாட்டை மட்டும்தான் காதில் வாங்குவோம். அதற்கு மேல் யார் பேசினாலும், நாய் குரைத்தாலும், குழந்தை அழுதாலும் எங்கள் படிவத்தில் ஒரே பெயர்தான்: இரைச்சல்.

என் தம்பி பார்சல் வேன் ஓட்டுகிறான். அவன் மனைவி வீட்டு முன்னறையில் துணி திருத்தும் கடை வைத்திருந்தாள். ஜிப் மாற்றுவது, பேன்ட்டைக் குட்டையாக்குவது, முழங்கையில் ஒட்டுப் போடுவது. கையில் இருப்பதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை. பட்டன் டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்து, தைத்துக்கொண்டே பேசி, முப்பத்தெட்டு வீடியோ போட்டிருந்தாள். பின்னால் அலமாரியில் ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும்.

"அத அணைச்சுட்டுப் பேசேன்" என்று ஒருமுறை சொன்னேன்.

"ரேடியோ இல்லேன்னா என் மிஷின் ஓடாது அண்ணி" என்றாள். "கடைக்கு வர்றவங்களும்தான் ஓசியில கேக்குறாங்க. அவங்களையும் புடிச்சு உள்ள போடுவீங்களா?"

போன வருடம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் ஒன்பதாம் நாள் பிணமாகத்தான் வீட்டுக்கு வந்தாள். மகளுக்கு அப்போது ஐந்து வயது.

மூன்று மாதத்துக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தம்பி போன் செய்தான். எனக்கு இருநூறில் நாற்பதுகூட முடியவில்லை. நடையில் இருக்கும் அலுவலகப் போனில் கூப்பிடுகிறார்கள் என்றதும் ஓடிப் போய் எடுத்தேன்.

"அக்கா, ஏதோ நோட்டீஸ் வந்திருக்கு. அவ வீடியோவுல எல்லாம் பாட்டு இருக்காம். ஏழு நாள்ல சரி பண்ணலேன்னா சேனலையே மூடிடுவாங்களாம்."

"நான் அப்பவே சொன்னேன், அந்த ரேடியோவ அணைன்னு. கேட்டாளா?"

செத்துப்போனவளோடு சண்டை போடுகிறேன் என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது.

"இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"ரெண்டு வழி காட்டும். பாட்ட மட்டும் நீக்குன்னு ஒண்ணு. அது நாளாகும், பாதி நேரம் வேலையும் செய்யாது. சத்தத்த நீக்குன்னு இன்னொண்ணு. அத அழுத்து. உடனே முடிஞ்சிடும்."

"வீடியோ போயிடாதுல்ல?"

"போகாதுடா. அப்படியே இருக்கும். நான் சொல்றேன்ல."

பொய் சொல்லவில்லை நான். எங்கள் அலுவலகத்தில் ஒரு வீடியோ ஊமையாகிவிட்டால் அது நல்ல முடிவு. படம் தங்கிவிடும், பாட்டுக்காரருக்கும் குறையில்லை, வழக்கும் மூடப்படும். அடுத்ததைப் பார்க்கலாம். அந்தப் பழக்கத்தில்தான் சொன்னேன். வீடியோ எடுத்த போனில் மூலப்பிரதி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முன்பின் தெரியாதவர்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தால் அதைத்தான் முதலில் கேட்பேன். சொந்தத் தம்பியிடம் கேட்கவில்லை. எனக்கு அவசரம்.

அவன் மறுநாளே கிடங்கு வாசலில் வேனை நிறுத்திவிட்டு, பார்சல் ஏறும்வரை காத்திருந்த நேரத்தில், முப்பத்தெட்டையும் ஒவ்வொன்றாக முடித்திருக்கிறான். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எதையும் ஓடவிட்டுப் பார்க்கக்கூட இல்லை. அவள் முகத்தை வேலை நேரத்தில் பார்த்தால் பிறகு வண்டி ஓட்ட முடியாது என்று பிற்பாடு சொன்னான்.

பள்ளிவிட்டு வந்ததும் அம்மா வீடியோவை வைத்தால்தான் குழந்தைக்குச் சோறு இறங்கும். இது எனக்குத் தெரியாது. அன்று தட்டோடு உட்கார்ந்தவள், "அப்பா, அம்மாவுக்குச் சத்தம் வரல" என்றிருக்கிறாள். தம்பி ஒலியைக் கூட்டிப் பார்த்தான். போனை அணைத்துப் போட்டான். கடைசியில் தெருமுனை ரிப்பேர் கடைக்குக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனான். ரிப்பேர்காரர் வேறு வீடியோக்களைப் போட்டுக் காட்டினார். அவை எல்லாம் நன்றாகப் பேசின.

அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, போன் நல்லாத்தான் இருக்கு" என்றான்.

"அவ வீடியோ எடுத்த பழைய போன் எங்கடா?"

"அத குடுத்துட்டுத்தானே இத வாங்கினோம். எல்லாம் நெட்ல இருக்கேன்னு அழிச்சுக் குடுத்துட்டேன்."

பின்னால் ரிப்பேர்காரர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. "வீடியோ நம்மளுதுதான் சார். வச்சிருக்கிற எடம் அவங்களுது. என்னத்தப் பேச முடியும்?" அவரவர்க்கு ஓர் அபிப்பிராயம். நான் இவ்வளவு நாள் சொல்லித் திரிந்த அபிப்பிராயம் அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

தம்பி என்னைத் திட்டவில்லை. "நீ தெரிஞ்சா பண்ணே" என்றான். திட்டியிருந்தால் தேவலை. வீடியோ நிறுவனத்துக்கு ஆறு கடிதம் எழுதினேன். நீக்கிய ஒலியை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை என்று ஆறு தடவையும் ஒரே பதில், நன்றியோடு. அப்புறம்தான் எனக்குப் பொறி தட்டியது. நோட்டீஸில் இருந்த வழக்கு எண் எங்கள் அலுவலக எண். அப்படியானால் சாட்சி எங்களிடம் இருக்கும். ஒரு சேனலுக்கு ஓர் ஒலித்துண்டு எடுத்துவைப்போம், பாட்டு இருந்ததற்கு அத்தாட்சியாக. வழக்கு முடிந்து தொண்ணூறாவது நாள் கழிந்ததும் அது தானாக அழியும்.

எண்ணைத் தட்டினேன். பதினேழாவது வீடியோ, முழங்கை ஒட்டு. நாலாவது நிமிடத்திலிருந்து பதினோரு விநாடி. ஹெட்போனை மாட்டினேன். ரேடியோவில் பாட்டு ஓடுகிறது. அதற்கு மேல் அவள்: "அய்யய்யோ, கோணலாப் போச்சு பாருங்க. பரவால்ல, பிரிச்சுட்டு மறுபடி தைப்போம். அவசரம் ஒண்ணும் இல்ல." அப்புறம் ஒரு சின்னச் சிரிப்பு. பக்கத்து இருக்கைக்காரி என்னவென்று கேட்டாள். கண்ணில் தூசி என்றேன். துண்டுக்குக் கீழே 'ஆம்' என்று அழுத்தியவரின் ஊழியர் எண்ணும் இருக்கும். ஒரு காகிதத்தால் அந்த இடத்தை மறைத்துக்கொண்டுதான் பார்த்தேன். அது யாருடைய எண் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மேலாளர் கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு முழுக்கக் கேட்டார்.

"நம்மகிட்ட இருக்கிறது பாட்டோட உரிமை மட்டும்தான்மா. வெளிய குடுக்கணும்னா பாட்டுக் கம்பெனி சம்மதிக்கணும். எழுதிப் பாக்கிறேன்."

"பாட்டு வேணாம் சார். அவ பேசுறது மட்டும் போதும்."

"அது யாருதுன்னு எழுதுறது? படிவத்துல அதுக்குக் கட்டமே இல்லையே."

இரண்டு தடவை எழுதினார். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, சாட்சியப் பொருள்களை யாருக்கும் தருவதில்லை என்று வந்தது. அதே கம்பெனிக்காகத்தான் நான் வீடு வீடாகச் சண்டை போட்டிருக்கிறேன். எங்கள் தளத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, பேனாவைக்கூடச் சோதிப்பார்கள். திருடத் துணிச்சல் இருந்தும் வழி இல்லை. தம்பியிடம் இதைச் சொல்லவும் இல்லை. கைக்கு வராததைக் காட்டி அவனை இன்னொரு தடவை அழவைக்க வேண்டாம் என்றிருந்தது.

தினமும் வேலை தொடங்கும்முன் அந்தப் பதினோரு விநாடியைக் கேட்டேன். தொண்ணூறாம் நாள் பதினாலு தடவை கேட்டேன். எங்கே மூச்சு வாங்குகிறாள், 'பரவால்ல'வை எவ்வளவு இழுக்கிறாள் என்று மனப்பாடம் செய்தேன். மறுநாள் எண்ணைத் தட்டியபோது 'பதிவு இல்லை' என்று வந்தது. பாட்டு மட்டும் எல்லா இடத்திலும் இருக்கிறது. நேற்றுகூட ஒரு டீக்கடையில் ஓடியது, எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

'பதிவு இல்லை' என்று வந்த அன்றைக்கே அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து குழந்தை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரே, பட்டன் டப்பாவின் மேல், போன். சத்தம் போய்விட்டது என்று அவள் பார்ப்பதை நிறுத்தியிருப்பாள் என நினைத்திருந்தேன். நிறுத்தவில்லை. பதினேழாவதைப் போடச் சொன்னேன், போட்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். எதையோ கொஞ்சமாவது திருப்பிக் கொடுக்கப்போகிறோம் என்ற நினைப்பு. நாலாவது நிமிடம் வந்தது. திரையில் அவள் துணியைத் தூக்கிப் பார்த்தாள், உதடு அசைந்தது. சரியாக அதே இடத்தில், அவள் இழுக்கிற மாதிரியே நான் ஆரம்பித்தேன்.

"அய்யய்யோ, கோணலாப் போச்சு பாருங்க. பரவால்ல..."

குழந்தை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சோற்றுக் கையால் என் வாயைப் பொத்தினாள்.

"அம்மா பேசுறப்ப நடுவுல பேசாதீங்க அத்தை."

அடுப்படியில் குழாய் நின்றுவிட்டிருந்தது, தம்பி ஈரக் கையோடு வந்து எங்களுக்குப் பின்னால் நின்றான். வீடியோ முடியும்வரை மூன்று பேரும் அவள் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.