ஏரிக்கரையில் ஒரு டேங்கர் லாரி

சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டியைக் கழுவ இறங்கிய தம்பி மூச்சு முட்டிச் செத்தான். "குடிச்சிட்டு விழுந்துட்டான்" என்று முதலாளி வாய் கூசாமல் சொன்னான். டீயைத் தவிர வேறொன்றும் தொடாதவன் தம்பி. அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அண்ணன் அன்றே வேலையை உதறினான். அந்த ஆளைச் சந்தி சிரிக்க வைக்காமல் ஓய்வதில்லை என்று கறுவினான்.

பட்டறையின் டேங்கர் லாரி விடியலில் ஏரிக்குள் கழிவைத் திறந்துவிடும். அதைப் படம் பிடிக்கப் பழைய கேமராவோடு கரைப் புதரில் பதுங்கினான். லாரியைக் கண்டதும் ரத்தம் கொதித்துக் கை உதறியது. மங்கல் வெளிச்சத்தில் படம் கலங்கிப்போனது.

மனைவி பார்த்துவிட்டுச் சிரித்தாள். "என்னங்க இது, லாரியா பேயா? நம்பரையே காணோம். கோபம் நெஞ்சுல இருக்கட்டும், கைக்கு எதுக்கு? முதல்ல ஏரியைப் புடிச்சுப் பழகுங்க."

பழகினான். மூச்சை அடக்கி, நீர்மேல் படரும் பனியையும், கழிவு இன்னும் எட்டாத மூலையில் நீந்தும் வாத்துகளையும் எடுத்தான். தம்பி போனதிலிருந்து வராத தூக்கம் வந்தது. இந்த ஏரி பிழைத்துக்கொள்ளும் என்றுகூடத் தோன்றியது.

மறுபடி லாரி வந்தபோது கை ஆடவில்லை. குழாய், கழிவு, நம்பர், பக்கத்தில் நின்ற முதலாளியின் முகம் எல்லாம் பளிச்சென்று விழுந்தன.

"மனசு ஆறிடுச்சா?" என்றாள்.

"ஏரியைப் பாத்தா ஆறுது. அவனைப் பாத்தா எரியுது. பேப்பர்காரங்களுக்கு ஒண்ணு குடுத்துட்டு, கதவு அளவுக்கு இன்னொண்ணு போட்டு அவன் பட்டறை வாசல்லயே ஒட்டப்போறேன்."

"அப்ப பசை நான் காய்ச்சுறேன்" என்று அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.