ஒற்றனாக்கப்பட்ட சிட்டு

அந்த மருத்துவமனையில் எல்லோரும் அவளைச் ‘சர்வரம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கணினி அறையில் இருக்கும் சர்வரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. “சர்வரம்மா, ரெண்டு காபி!” என்று எக்ஸ்ரே அறைக்காரர் தினமும் குரல் கொடுப்பார். அவளும் போனால் போகிறது என்று சிரித்துவைப்பாள்.

நோயாளிகளின் விவரம், மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாமே அந்த ஒரே சர்வரில்தான் இருந்தன. மூச்சு வாங்கிக்கொண்டே ஓடும் கிழட்டு இயந்திரம். கடையில் விற்கும் கனமான கண்காணிப்பு மென்பொருளை அதில் போட்டால், நோயாளியைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் அவர் கட்டிலிலேயே ஏறி உட்கார்ந்த கதையாகிவிடும். அதனால் அவளே ஒரு சின்ன நிரலை எழுதியிருந்தாள். திரையில் தலைகாட்டாமல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். சூடு ஏறுகிறதா, நினைவகம் நிரம்புகிறதா, தகவல் சேமிக்கும் வட்டில் இடம் இருக்கிறதா என்று அவ்வப்போது எட்டிப்பார்க்கும். சரியில்லை என்றால் அவள் போனுக்கு ஒரு வரி அனுப்பும். சர்வருக்குப் பாரமே தெரியாது. அதற்குச் ‘சிட்டு’ என்று பெயர் வைத்திருந்தாள்.

ஒருநாள் மதியம் அவள் அக்கா கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்தாள். அக்கா அங்கேயே குழந்தைகள் வார்டில் நர்ஸ்.

“நல்லா இருக்குடி நீ பண்ணினது. கூடப் பிறந்தவளையே காட்டிக் கொடுத்துட்டியே!”

“என்னக்கா சொல்றே?”

“நான் கம்ப்யூட்டரைத் தொடாம சும்மா உக்காந்திருந்தேனாம். நிர்வாக அதிகாரி நாலு நர்ஸ் முன்னாடி கூப்பிட்டு எச்சரிக்கை பண்ணினாரு. உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டா, ‘உங்க தங்கச்சியோட சிட்டுதான் சொல்லுச்சு’ன்னு சிரிக்கிறாரு.”

“சிட்டுவா? அது மெஷின் சூட்டைத்தானேக்கா பாக்கும்!”

“அதை அவர்கிட்டயே கேளு. அந்த நேரம் வலிப்பு வந்த குழந்தையைப் பிடிச்சிட்டிருந்தேன். குழந்தையை விட்டுட்டு கீபோர்டைத் தட்டணுமா நான்?”

அக்கா போன பிறகு அவள் சிட்டுவைத் திறந்து பார்த்தாள். வழக்கமாகத் துளி நினைவகத்தில் அடங்கிவிடும் நிரல் ஊதிப்போய் இருந்தது. உள்ளே அவள் எழுதாத வரிகள். யார் எந்தக் கணினியில் உட்கார்ந்தார்கள், எவ்வளவு நேரம் விசைப்பலகையைத் தொடவில்லை என்று ஒவ்வொருவரையும் அது குறித்துவைத்து, சாயங்காலம் நிர்வாக அதிகாரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அவள் விடுப்பில் இருந்தபோது யாரோ வெளியாளுக்குச் சர்வரின் கடவுச்சொல்லைக் கொடுத்திருக்கிறார்கள். நிரலின் உச்சியில் மட்டும் ‘எழுதியவர்’ என்று அவள் பெயர் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் காது மடலெல்லாம் கொதித்தது.

நேராக நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போனாள்.

“எதுக்கும்மா இவ்வளவு கோபம்?” என்றார் அவர், நாற்காலியில் சாய்ந்தபடி. “ஏற்கெனவே ஓடிட்டிருக்கற ஒண்ணு. கூட நாலு வரி சேத்தோம். அவ்வளவுதானே?”

“என் பேர்ல சேத்திருக்கீங்க சார். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.”

“ஒழுங்கா வேலை செய்யறவங்க எதுக்குப் பயப்படணும்?”

“காய்ச்சல் பாக்கத் தெர்மாமீட்டர் குடுத்தா, அதை வெச்சு ஆளைக் குத்துவீங்களா சார்?”

அவர் முகம் சிவந்தது. “அதுல கை வெச்சே, உன் வேலைக்கு வேற ஆளைப் பாத்துக்குவேன்.”

அவள் திரும்பி வந்து, அந்த வரிகளைப் பிடுங்கி எறிந்தாள். கடவுச்சொல்லை மாற்றினாள். பழைய சிட்டுவை மறுபடி ஓடவிட்டாள்.

மறுநாள் காலை, துறைத் தலைவர்கள் எல்லோரும் இருந்த கூட்டத்துக்கு அவளை வரச்சொன்னார்கள். அனுமதி இல்லாமல் சர்வரில் கைவைத்துவிட்டாள் என்று நிர்வாக அதிகாரி ஆரம்பித்தார். அவள் உட்காரவே இல்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, “கீபோர்டைத் தொடாத ஆளெல்லாம் சோம்பேறின்னு கணக்கெடுக்கச் சிட்டுவை மாத்தியிருக்காங்க,” என்றாள்.

மூலையில் இருந்த தலைமை அறுவை மருத்துவர் நிமிர்ந்தார். “அதுல நானும் உண்டா?”

“உண்டு டாக்டர். எல்லாரையும் விட அதிகமா சும்மா இருந்தது நீங்கதான்.”

இரண்டு பேர் சிரித்துவிட்டு, மருத்துவரின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

“நாள் பூரா கத்தியைப் பிடிச்சிட்டு நிக்கறேன்யா! நான் சும்மா இருக்கேனா?” என்று அவர் மேசையைத் தட்டினார். உடனே ஆளுக்கு ஆள் கூச்சல். இது அநியாயம், கேவலம், மனிதரை நம்பாத வேலை. கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. இனிமேல் அப்படி எதுவும் கூடாது என்று முடிவாயிற்று.

“முன்னாடியே எடுத்துச் சொல்லியிருக்கலாமேம்மா,” என்றார் நிர்வாக அதிகாரி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு.

“நேத்து உங்க ரூம்ல நின்னு சொன்னது யாரு சார்? என் அக்காவுக்குப் பண்ணின எச்சரிக்கைக்கு என்ன பதில்?”

“அது சும்மா வாயால சொன்னதுதானே. விட்டுடலாம்.”

“வாயாலதானே சொன்னீங்க? வாயாலயே மன்னிப்பும் கேளுங்க. அவளோட வார்டுல வந்து கேளுங்க.”

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். வேறு வழி இல்லாமல் எழுந்தார்.

குழந்தைகள் வார்டு வாசலில் நின்று அவர் ஏதோ முணுமுணுத்தார். அக்கா மடியில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. “என்ன சார்? காதுல விழல,” என்றாள் அக்கா. அவர் இன்னொரு தடவை, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டியதாயிற்று. அக்கா தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் இருவரும் சேர்ந்தே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

“நேத்து கண்டபடி பேசிட்டேன்டி. மனசுல வெச்சுக்காதே,” என்றாள் அக்கா. “ஆனா இன்னிக்கு நீ கத்தினது மாடி வரைக்கும் கேட்டுச்சாம்.”

“கத்தினேனா?”

“நல்லாவே கத்தினியாம். எக்ஸ்ரேக்காரர் வந்து சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “நீ நாலு நர்ஸ் முன்னாடி தலைகுனிஞ்சு நின்னப்போ ஒருத்தர் வாயைத் திறக்கலையேக்கா. டாக்டர் பேரு அதுல இல்லேன்னா இன்னிக்கு என்ன நடந்திருக்கும்?”

அக்கா தங்கையின் தோளில் தொங்கிய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் பஸ்ஸில் ஏறினாள்.