பவுடர் பூசிய என்ஜின்

விமானக் கழகத்தின் தலைவர் வாசலில் நின்று வானத்தை அளந்துகொண்டிருந்தார். நீண்ட வலது கை, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் குறி பார்த்தது.

“விமானம் இந்தப் பக்கமா தாழ வரும். மயானத்துக்கு மேல மூணு சுத்து. மூணாவது சுத்துல பூ. ரெண்டு சாக்குக்குச் சொல்லியாச்சு.”

வாடகை நாற்காலிகளில் இருந்தவர்கள் விரல் போன திசையில் அண்ணாந்து பார்த்தார்கள். கூடத்தில் கிடத்தியிருந்தவனைப் பார்ப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

இறந்தவனின் தங்கை காலையில் போட்ட வேலைச் சட்டையிலேயே நின்றாள். மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். சரி என்றாள். மாற்றவில்லை. பதினோரு வருடமாக அண்ணனோடு ஒரே கொட்டகையில் விமான என்ஜின் பழுது பார்க்கிறவள். விமானிகளுக்கு அவன் மெக்கானிக், அவள் சின்ன மெக்கானிக். அவன் போனபோது அவள் கூட இருந்தாள். ‘கூட’ என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

“எந்த விமானம்னு நீ கேக்கலையே?” என்றார் தலைவர்.

“எதுங்க?”

“நம்ம பழசுதான். அவன் உசுரையே வச்சிருந்த விமானம். அதுதாம்மா பொருத்தம்.”

“அது எண்ணெய் ஒழுகுது சார்.”

“எப்பதான் ஒழுகல? நல்லா முறுக்கிவிடுங்கன்னு நானும் எத்தனை தடவ சொல்லியிருக்கேன்.”

சொல்லியிருக்கிறார். குடிநீர் வாரியத்தில் ஓய்வு பெற்ற அவருக்கு உலகத்துக் கசிவு எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து முறுக்குவதுதான். போன மாதம் அவர் பேச்சைக் கேட்டு ஒருவர் என்ஜின் மூடியின் திருகுகளை முறுக்கித் தள்ள, தகரம் வளைந்து, ஓரிடத்தில் ஒழுகியது மூன்றிடத்தில் ஒழுகியது. தலைவர் அதை வயதின் கோளாறு என்றார். என்ஜினுக்கு இவளைவிட நாலு வயது கூடுதல் என்பது உண்மைதான்.

ஒரு வாரமாக அண்ணன் அதோடு மல்லுக்கட்டினான். பறக்கும்போது காற்று எண்ணெயை அள்ளி என்ஜின் முழுக்கப் பூசிவிடும். “எண்ணெய் தெரியிற எடத்துல ஒழுகாது. ஒழுகுற எடத்துல தெரியாது” என்பான். அதனால் என்ஜினைக் கழுவித் துடைத்து, மேலெல்லாம் முகப் பவுடர் தூவி, ஐந்து நிமிடம் ஓட விடுவார்கள். வெள்ளையில் கறுப்புக் கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கே ஓட்டை. பவுடர் அண்ணியுடையது. “என் மூஞ்சிக்கு வாங்கினதவிட அதுக்கு வாங்கினதுதான் ஜாஸ்தி” என்பாள் அண்ணி.

“ஒரு மரியாதைக்குத்தானேம்மா. பத்தே நிமிஷம். பைலட்டும் ரெடி.”

பைலட் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலைவரின் மருமகன். அவருக்கு வேறு வழி இல்லை.

“எங்க ஒழுகுதுன்னு இன்னும் பாக்கல சார். சோதனை முடியல.”

“முடியலையா? காலையில அஞ்சு நிமிஷம் முழுசா ஓடுச்சுன்னு வாட்ச்மேன் சொன்னாரே. கேட் வரைக்கும் சத்தமாமே.”

“ஓடுச்சு.”

“அப்பறம் என்ன?”

அவள் நிலைப்படியைப் பார்த்தாள். அங்கே போட்ட நாற்காலியில் அண்ணி இருந்தாள். காலையில் உட்கார்ந்தவள், எழுந்திருக்கவில்லை. வேலை செய்யும்போது மயங்கிவிட்டார் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

“நான் விமானத்துக்குள்ள உக்காந்திருந்தேன்” என்றாள். வேலைக் குறிப்பை வாசிக்கும் குரல். “அண்ணன் வெளிய, என்ஜின் பக்கத்துல. கழுத்துக்குக் குறுக்க கைய இழுத்துக் காட்டினா நான் என்ஜின அணைக்கணும். ரெண்டாவது நிமிஷம் குனிஞ்சாரு. குனிஞ்சா எனக்குத் தெரியாது, விமானத்தோட மூக்கு மறைச்சிடும். அடியில பாக்குறாருன்னு நெனச்சேன். எப்பவும் குனிஞ்சு அடியில பாப்பாரு.”

அவள் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“சைகை வரல. அதனால அஞ்சு நிமிஷமும் ஓட்டினேன். மணி பாத்து.”

பைலட் தலையைத் தூக்கினார். “மாரடைப்பு, உடனே உசுரு போயிருக்கும்னுதானே டாக்டர் சொன்னார்” என்றார் மெல்ல. டாக்டர்கள் அதை எல்லா வீட்டிலும் சொல்வார்கள்.

வாழ்க்கையில் முதன்முறையாகத் தலைவருக்கு முறுக்குவதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

அண்ணி கேட்டாள்: “அப்போ சத்தம் கேட்டுட்டே இருந்திருக்கும், இல்ல? அவருக்கு.”

“இருந்திருக்கும் அண்ணி.”

“நல்லா ஓடுச்சா?”

“நல்லாதான் ஓடுச்சு.”

அண்ணி தலைவரிடம், “அந்தப் பூவ வேற யாருக்காவது குடுத்திடுங்க சார்” என்றாள். காய்கறிக்காரரிடம் இன்று எதுவும் வேண்டாம் என்று சொல்வதுபோல.

தலைவர் கைப்பேசியோடு தெருவுக்குப் போனார். “இல்லப்பா, ரெண்டு சாக்குமே வேண்டாம்… உதுத்தாச்சுன்னா நான் என்னய்யா பண்றது, திருப்பி ஒட்டவா முடியும்?” மருமகன் யாரும் சொல்லாமலே எழுந்து, விமானத்தின் சாவியைக் கொண்டுவந்து இவள் கையில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்றரைக்கு வண்டி வரும் என்றார்கள். நாற்காலிகளை ஓரம் தள்ளினார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தாளா என்பது அவளுக்குத் தெரியவில்லை. தம்ளர் காலியாக இருந்தது.

அதைத் திண்ணையின் மேல் வைக்கும்போதுதான் பார்த்தாள். சுவரோரம் நின்ற தலைவரின் காருக்கு அடியில் கறுப்பாக ஒரு பொட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் இன்னொரு சொட்டு விழுந்தது. கால்கள் தாமாகவே அங்கே போயின. காருக்கு அந்தப் பக்கம், சுவருக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவே குனிந்து, தலையைச் சாய்த்து அடியில் பார்த்தாள். அந்த இடம் வாசலிலிருந்து தெரியாது.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று அவள் கண் தேடி முடிப்பதற்குள், பின்னால் நாற்காலி ஒன்று விழும் சத்தம். வெறுங்கால்கள் இரண்டு சிமெண்டுத் தரையில் ஓடி வந்து அவள் பக்கத்தில் நின்றன. வேலைச் சட்டையின் காலரை ஒரு கை இறுகப் பிடித்தது.

“என்ன?” என்றாள் அண்ணி. மூச்சு வாங்கியது.

“எண்ணெய் அண்ணி. கார்ல.”

“சரி” என்றாள் அண்ணி. கையை எடுக்கவில்லை.