மாற்றம் ஏதும் இல்லை

மருத்துவமனையில் என் மனைவிக்கு ஊசியக்கா என்று பெயர். குழந்தைகள் பிரிவில் இருபத்தாறு வருடம் நர்ஸ். ஊசி போட்டதும் அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வார்டை ஒரு சுற்று சுற்றி வந்துதான் இறக்கி விடுவாள். நான் அதே இடத்தில் லிஃப்ட் ஆபரேட்டர். இருவரில் உயர்ந்தவன் நான்தான், ஏழாவது மாடி வரைக்கும்.

ஐம்பத்தேழு வயதில் திடீரென்று என்னை ‘யோவ்’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். அதுவரை ‘என்னங்க’. எனக்கு ஒரே குஷி, வீட்டுக்குப் புதுப்பெண் வந்த மாதிரி. சர்க்கரை டப்பாவுக்குள் கரண்டியை விட்டு அப்படியே வாயில் போட்டாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம், "உங்களுக்கு இன்னும் சாவு வரலியா?" என்று விசாரித்தாள். இதையெல்லாம் லிஃப்டில் ஏறியவர்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

மகள் போனில் அழுதாள். "அப்பா, அம்மா சரியில்லப்பா. கரு கலைஞ்சிருச்சும்மான்னு சொல்றேன், ‘சரி வை, சீரியல் ஓடுது’ங்கறாங்க."

"உங்கம்மா என்னிக்குடி சரியா இருந்தா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகு ஒருநாள், ஊசிக்கு அழுத குழந்தை முன்னால் நின்று அதே மாதிரி அழுது காட்டிச் சிரித்திருக்கிறாள். தாய் புகார் கொடுத்துவிட்டாள். விசாரணைக்கு முன் எங்கள் நரம்பு டாக்டரிடம் அனுப்பினார்கள். நோய் என்றால் விடுப்பும் பென்ஷனும். இல்லையென்றால் வேலை காலி.

ஞாபகப் பரிசோதனை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பெரியவர்கள் பிரிவில் ஆள் குறைந்தபோதெல்லாம் அவளே நோயாளிகளுக்கு நடத்தியதுதான். டாக்டர் வாயைத் திறப்பதற்குள், "அஞ்சு வார்த்தைதான? நானே சொல்லிடறேன்" என்று ஒப்பித்தாள். முழு மதிப்பெண்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு படிவம் கொடுத்தார். "ஞாபகம் அப்படியே இருக்க, குணம் மட்டும் மாறுற வியாதி ஒண்ணு இருக்குங்க. இந்த மாதிரி டெஸ்ட்ல சிக்காது. கூட இருக்கறவங்க சொன்னாதான் உண்டு. மறைக்காம எழுதுங்க."

இனிப்பு அதிகம் தின்கிறாரா? கூச்சமில்லாமல் பேசுகிறாரா? பிறர் துன்பத்துக்கு இரங்குவது குறைந்திருக்கிறதா? கேட்டது எல்லாமே என் லிஃப்ட் ஜோக்குகள். ஆனால் இந்தத் தாள் கிளார்க் கையில் என் லிஃப்டிலேயேதான் மேலே போகும், மாடிக்கு மாடி படிக்கப்படும். அவளைப் பார்த்து ஊரைச் சிரிக்க வைத்த வீரனுக்கு, ‘பைத்தியத்தோட புருஷன்’ என்று தன்னைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாதே! இருபது கேள்விக்கும் ‘மாற்றம் ஏதும் இல்லை’ என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

அதனால் ஸ்கேன் எடுக்கவில்லை. விசாரணையில், "அழற மூஞ்சி சிரிப்பா இருந்துச்சு, சிரிச்சேன்" என்றாள். குழந்தையைக் கொடுமைப்படுத்தியதாக எழுதி வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

பதினோரு மாதம் கழித்து மகளே எங்களை வேறொரு மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஸ்கேனில் மூளையின் முன்பக்கம் சுருங்கியிருந்தது.

"ரெண்டு மூணு வருஷமாவே இருந்திருக்கணுமே. வீட்ல யாரும் கவனிக்கலையா?" என்றார் அந்த டாக்டரம்மா. மகள் என்னைப் பார்த்தாள்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா சரியாயிருக்குமா?" என்றேன்.

"சரியாகாது. ஆனா அவங்க மேல தப்பில்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்."

ஸ்கேனை வைத்துப் பழைய இடத்துக்கு மனுப் போட்டோம். கணவரே மாற்றம் இல்லை என்று எழுதிக் கொடுத்திருப்பதால் மறுபரிசீலனைக்கு இடமில்லை என்று பதில் வந்தது. கூடவே என் கையெழுத்தின் நகல். நல்ல தெளிவான கையெழுத்து.

அன்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். படிவம், லிஃப்ட், என் பயம், ஒன்று விடாமல். சொல்லி முடிக்கும்போது வாழ்க்கையில் முதல்முறையாக அவள் எதிரில் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தேன். பழைய ஊசியக்காவாக இருந்தால் இந்தக் கிழவனையும் தோளில் போட்டு ஒரு சுற்று சுற்றியிருப்பாள்.

கூர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கி, மூக்கை உறிஞ்சி, அச்சு அசலாக என்னைப் போலவே அழுது காட்டினாள். பிறகு சிரித்தாள்.

"யோவ், எந்திரி. ரிமோட் மேல உக்காந்திருக்க."