சோலைமலை கடைக்கு வந்த தராசு

திண்டுக்கல் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியறையில் முத்துக்கிருஷ்ணனின் அலுவலகம் இருந்தது. வாசலில் ‘சிறுவணிகர் தொழில்நுட்ப ஆலோசனை மையம்’ என்று பலகை. அதே அறையில் அதற்கு முன்பு ஒரு பல் டாக்டர் இருந்தார். ஆகவே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டில் பதினேழு படி ஏறி ஆலோசனை கேட்க வந்தவர்களில் பெரும்பாலோர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வந்தார்கள்.

டாக்டர் இடம் மாறிவிட்டார் என்பதை முத்துக்கிருஷ்ணன் உடனே சொல்லிவிட மாட்டான். முதலில் உட்காரச் சொல்வான். எந்த ஊர், எத்தனை நாளாக வலி, மேல் பல்லா கீழ்ப் பல்லா என்று விசாரிப்பான். ஐந்து நிமிடம் ஓடிவிடும். விஷயம் தெரிந்ததும் வந்தவர் வலியோடு கோபத்தையும் சேர்த்துக்கொண்டு இறங்குவார். அவன் கடைசிப் படி வரை கூடவே வந்து வழியனுப்புவான்.

அவனுக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம். திண்டுக்கல்லுக்கு வந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. பகலில் அலுவலகமாக இருந்த அறையே ராத்திரி வீடு. பீரோவுக்குப் பின்னால் பாய். எந்தக் கடைக்கு எந்த இயந்திரம் ஒத்துவரும் என்று வணிகர்களுக்கு எடுத்துச் சொல்வது வேலை. அவனும் சொல்லிப் பார்த்தான். பூட்டுப் பட்டறைக்காரர் ஒருவரிடம் டெலிபோன் வைக்கச் சொன்னபோது, “வச்சு யாருகிட்ட பேச, எனக்குத் தெரிஞ்ச அம்புட்டுப் பேரும் இந்தத் தெருவுலதான் இருக்கான்” என்றார். தனக்குத் தெரிந்தவர்கள் ஒரு தெருவை நிரப்புகிறார்கள் என்று ஒருவர் இவ்வளவு சாதாரணமாகச் சொன்னதை முத்துக்கிருஷ்ணன் இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் ஒருவர் மாட்டினார். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்த சோலைமலை. எதிர்க் கடைக்காரர் அந்த மாதம்தான் டெலிபோன் வாங்கியிருந்தார். தன் கடைக்குள்ளும் ஏதாவது ஒரு ஒயர் ஓடியே ஆக வேண்டும் என்ற தொழில்நுட்பத் தேவை சோலைமலைக்கு ஏற்பட்டிருந்தது. முத்துக்கிருஷ்ணன் எலக்ட்ரானிக் தராசு வாங்கச் சொன்னான். மதுரையிலிருந்து தராசு வந்தது. எண்கள் சிவப்பாக எரிந்தன. பூக்காரர்கள் அதைக் கரண்டுத் தராசு என்றார்கள்.

தராசைக் கையாள வேண்டிய முறைகளை முத்துக்கிருஷ்ணன் பத்து விதிகளாகத் தமிழில் எழுதிக் கொடுத்தான். சோலைமலை அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, சந்தனப் பொட்டு வைத்து, தினமும் ஒரு சரம் சாத்தினார். சரம் இரண்டாம் விதி முதல் ஏழாம் விதி வரை மறைத்தது. மீதியை யாரும் படிக்கவில்லை. சாமி படத்தை யார் படிக்கிறார்கள்?

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு, எடை போடுகிற கருப்பணன் சைக்கிளில் வந்து கீழே நின்று மணியடித்தான்.

“சார், மொதலாளி கூட்டியாரச் சொன்னாரு. தராசு எடை கொறையுதாம். ஊருல நிறுத்துக் கொண்டாரவுக சண்டைக்கு வாராக.”

முத்துக்கிருஷ்ணன் போய்ப் பார்த்தான். எந்த இயந்திரமானாலும் முதலில் அணைத்துவிட்டுத் திரும்பப் போடு என்பது அவன் மூன்று வருட டிப்ளமோ படிப்பின் சாரம். ஸ்விட்சை அணைத்து, தட்டைக் காலி செய்யச் சொல்லி, திரும்பப் போட்டான். ஒரு கிலோ படிக்கல்லை வைத்தான். சரியாக ஒரு கிலோ காட்டியது. அரை கிலோவும் அப்படியே.

“பாத்தீகளா, சார் கை பட்டாத்தான் அதுக்குப் புத்தி வருது” என்றார் சோலைமலை.

மறுநாளும் காலையில் குறைந்தது. மறுநாளும் கருப்பணன் மணியடித்தான். மறுநாளும் சார் கை பட்டதும் சரியானது. ஏன் என்று அவனுக்கும் தெரியவில்லை. மதுரைக்கு எழுதிக் கேட்டான், பதில் வரவில்லை. அதற்குள் அவனுக்கென்று கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போடப்பட்டிருந்தது. எதிரே இருந்த சேக் பரீது டீக்கடையிலிருந்து இட்லியும் டீயும் வந்தன. “நேத்து ராத்திரி என்ன வெஞ்சனம் சார்?” என்று கருப்பணன் கேட்டான். பதினோரு மாதத்தில் அவன் என்ன சாப்பிட்டான் என்று கேட்ட முதல் ஆள். அவன் சாப்பிட்டது ஊறுகாய். கத்தரிக்காய் என்று சொன்னான். அதைப் பற்றி மேலும் பத்து நிமிடம் பேச முடிந்தது.

இப்படிப் பன்னிரண்டு காலைகள். ஒரு பழுது இவ்வளவு ஒழுங்காக வருவது அவனுக்குப் பிடித்துப்போயிற்று.

மார்கழி பிறந்தது. விடிவதற்கு முன்பே கோயில் ஒலிபெருக்கி ஊரை எழுப்பிவிட்டது. படுத்துக் கிடக்க முடியாமல் ஒரு நாள் ஐந்தரை மணிக்கே மார்க்கெட்டுக்கு நடந்தான். சேக் பரீது கடையில் டீயை வாங்கிக்கொண்டு எதிரே பார்த்தான். சோலைமலை கடையில் அப்போதுதான் பூசை நடந்துகொண்டிருந்தது. கருப்பணன் தராசுத் தட்டைத் துடைத்து, ஒரு வாழையிலைத் துண்டை விரித்தான். அதில் முதல் கூடையிலிருந்து ஒரு கை மல்லியை அள்ளி வைத்து, நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தான். சோலைமலை சூடம் காட்டினார். காட்டிக்கொண்டே, “போடு” என்றார். நல்ல நேரத்தில், சாமி சாட்சியாக, கருப்பணன் ஸ்விட்சைப் போட்டான். எண்கள் எரிந்தன. அப்புறம் இலையைப் பழத்தோடும் பூவோடும் எடுத்து முருகன் படத்துக்கு முன் வைத்துவிட்டு வியாபாரத்தை ஆரம்பித்தான்.

முத்துக்கிருஷ்ணன் கையில் டீ ஆறியது. ஸ்விட்ச் போடும்போது தட்டில் இருப்பது எதுவோ, அதையே அந்தத் தராசு பூச்சியம் என்று எடுத்துக்கொள்ளும். இலையும் பூவும் பழமும் சேர்ந்து நூற்றுப் பத்து கிராமாவது இருக்கும். அதற்குப் பிறகு ஏறுகிற ஒவ்வொரு கூடையிலும் அந்த நூற்றுப் பத்து கிராம் குறையும். அவன் ஏழு மணிக்கு வந்து வெறும் தட்டோடு அணைத்துப் போடுகிற வரையில் குறைந்துகொண்டே இருக்கும். சாலையைக் கடந்து ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

அவன் டீக் கிளாஸைக் கொடுத்துவிட்டு அறைக்குத் திரும்பினான். தலையை வாரிக்கொண்டான். பாயில் உட்கார்ந்து சைக்கிள் மணிக்காகக் காத்திருந்தான். ஏழு மணிக்கு அது அடித்தது.

மறுநாள் அதையே யோசித்தான். தினமும் ஐந்தரைக்கே போய், பூசை முடிந்த கையோடு அணைத்துப் போட்டுவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அப்படிச் செய்தால் எடை குறையாது. எடை குறையாவிட்டால் புகார் வராது. புகார் வராத கடையில் ஆலோசகனுக்கு எதற்கு முக்காலி? இதை அவன் ஒரு தாளில் கோடு போட்டு எழுதிப் பார்த்தான். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் இட்லி நின்றுபோயிற்று. இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று வைத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் கருப்பணன் வழக்கத்தைவிட வேகமாக மணியடித்தான். கடை முன்னால் கூட்டம். நடுவில் ஆத்தூர் கருப்பாயி. நாற்பது வயதிருக்கும். தன் தோட்டத்துப் பூவைத் தானே கொண்டுவருகிறவள். முதல் பஸ்ஸில் வந்து முதல் ஆளாக எடை போடுகிறவள். மார்கழிப் பனியில் மல்லி மொட்டே வைக்காது. அந்தக் காலத்தில் இரண்டு கிலோ கொண்டுவருகிறவள் கையில் நூற்றுப் பத்து கிராம் என்பது ஒரு முழு வரிசைச் செடியின் பூ.

“ஆத்தூர்ல பலசரக்குக் கடையில நிறுத்துப்புட்டுத்தான் வாரேன். ரெண்டு கிலோ. இங்க ஏத்துனா ஒண்ணு எண்ணூத்தித் தொண்ணூறுங்குது. ஒரு நாளா ரெண்டு நாளா?” என்றாள் கருப்பாயி.

“பஸ்ஸுல வரும்போது எவ தலையிலயாச்சும் வச்சு விட்டிருப்ப” என்றான் கருப்பணன்.

“தெனமும் நூத்திப்பத்து கிராமு வச்சா அவ கழுத்து ஒடிஞ்சு போகும்லே. ஒனக்கு வேணா வச்சு விடுறேன், வா.”

கூட்டம் சிரித்தது. சோலைமலை சிரிக்கவில்லை. இருபது வருடமாக எடை சுத்தம் என்று பெயர் வாங்கிய கடை. அவர் முகம் கறுத்துப் போயிருந்தது.

“கருப்பாயி, காலையில வார மத்தவுகளும் கொறையுதுங்கிறாக, சரி. ஆனா சார் வந்து படிக்கல்ல வச்சுப் பாக்குறப்ப அச்சா நிக்குதே. படிச்சவரு சொல்றாரு, மெஷினுல கோளாறு இல்லண்டு. அப்ப பொய் சொல்றது யாரு? நீயா, மெஷினா?”

அவள் முத்துக்கிருஷ்ணன் பக்கம் திரும்பினாள். “சொல்லுங்க சார். நான் பொய் சொல்றனா?”

கல்லாவுக்குப் பக்கத்தில் முக்காலி தயாராக இருந்தது. அதன்மேல் இட்லிப் பொட்டலமும் வந்துவிட்டிருந்தது. முத்துக்கிருஷ்ணன் அதைப் பார்த்தான்.

“அவங்க சொல்றதுதாங்க சரி” என்றான்.

பிறகு ஸ்விட்சை அணைத்தான். முருகன் படத்துக்கு முன்னாலிருந்த இலையை, பூ பழத்தோடு எடுத்துத் தட்டில் வைத்தான். ஸ்விட்சைப் போட்டான். பூச்சியம் எரிந்தது. இலையை எடுத்தான். நூற்றுப் பத்து என்று வந்தது. அதற்கு முன்னால் ஒரு சிறிய கோடு.

“இந்தக் கோடு தெனமும் காலையில வரும் சார்,” என்றான் கருப்பணன். “பனிக்குத் தராசு வெறைச்சுப் போயிருக்கும்ண்டு நெனச்சேன். அப்புறம் நீங்க வந்து அணைச்சுப் போட்டா போயிரும்.”

இனிமேல் முதலில் ஸ்விட்ச், பிறகு சாமி என்று முத்துக்கிருஷ்ணன் சொன்னான். அது சரிப்படாது என்றார் சோலைமலை. கடைசியில், இலையைத் தட்டில் வைக்காமல் தராசுக்குப் பக்கத்துப் பலகையில் வைப்பது, சூடத்தை மட்டும் தராசைச் சுற்றிக் காட்டுவது என்று முடிவாயிற்று. காலையில் பூ போடுகிற எல்லோருக்கும் குறைந்ததைச் சேர்த்துத் தருவதாகச் சோலைமலை கூட்டத்தின் முன்னாலேயே சொன்னார். கூட்டம் கலைந்தது. முத்துக்கிருஷ்ணன் முதுகில் இரண்டு பேர் தட்டினார்கள்.

கருப்பாயி காலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அவன் சேக் பரீது கடை வரை அவள் பின்னால் போனான். எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை.

“அக்கா, ஒரு டீ சாப்பிடுங்க.”

“வேணாம் சார், பஸ்ஸு போயிரும்.” நின்று அவனை ஒரு தரம் பார்த்தாள். “இலைய வச்சு எடுத்தீகளே, ரோசனையே பண்ணாம. இது ஒங்களுக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். “மூணு நாளா தெரியும்க்கா.”

“தெரிஞ்சா ஏன் சொல்லல?”

“சொல்லிட்டா அப்புறம் என்னைக் கூப்பிட மாட்டாங்க. இந்த ஊர்ல எனக்குப் பேச ஆளில்லை.”

இதை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகு, டீக்கடை வாசலில் சொல்லக்கூடிய அளவுக்கு அது சின்ன விஷயமாகத்தான் இருந்தது.

கருப்பாயி கூடையை இடுப்பு மாற்றி வைத்தாள். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கொஞ்ச நேரமாவது நின்றிருப்பாள்.

“பேச ஆள் வேணும்ண்டா பேசியிருக்கலாம்ல அப்பு. அதுக்கு எதுக்கு என் பூவ எடுத்தீக?” என்றாள்.

பஸ் ஹாரன் அடித்தது. போய்விட்டாள்.

அந்த வாரத்திலேயே அவன் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பினான். சென்னையிலிருந்து உடனே பாராட்டுக் கடிதம் வந்தது. ஒரு வணிகர் ஆலோசகரை மறுபடி அழைக்க வேண்டிய தேவையே ஏற்படாத அளவுக்குச் சிக்கலைத் தீர்ப்பதுதான் மையத்தின் குறிக்கோள் என்றும், இதில் திண்டுக்கல் கிளை மற்ற கிளைகளுக்கு முன்மாதிரி என்றும் எழுதியிருந்தார்கள். அவன் அதை இரண்டு தரம் படித்தான். படித்துக் காட்ட ஆள் இல்லாததால் மூன்றாம் தரம் சத்தமாகப் படித்தான்.

கடிதம் வந்த மறுநாளும் ஏழு மணிக்குச் சைக்கிள் மணி அடிக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. எட்டாம் நாள், கருப்பாயி சொன்னதை நினைத்துக்கொண்டு, அழைக்காமலே மார்க்கெட்டுக்குப் போனான்.

கடையில் கூட்டம் நெரித்தது. தராசு சரியாக நின்றதால் சுற்று வட்டத்துப் பூவெல்லாம் அங்கே வந்துகொண்டிருந்தது. முக்காலி இருந்த இடத்தில் கனகாம்பரக் கூடைகள். கருப்பாயியின் கூடை கடையில் எங்கும் இல்லை. அவள் எதிர்க் கடை முன்னால் நின்றாள். அங்கே இன்னும் தூக்குத் தராசுதான். முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தவள், இவன் பக்கம் திரும்பவில்லை.

“என்ன சார், மெஷினு நல்லாத்தான இருக்கு?” என்றார் சோலைமலை, கையிலிருந்த சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நல்லா இருக்குங்க. சும்மாதான் வந்தேன்.”

“சும்மாவா?” மார்கழியில், பூ மார்க்கெட்டில், காலை ஏழு மணிக்கு ஒருவன் சும்மா வருவது எப்படி என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் மரியாதை தெரிந்த மனிதர். “அதுக்கென்ன, நில்லுங்க சார். ஏலே கருப்பணா, சாருக்கு டீ சொல்லு.”

கருப்பணன் தலையாட்டினான். அவன் கையில் கூடை இருந்தது. அதற்குப் பின்னால் இன்னும் நான்கு கூடை.

“சார், செத்த தள்ளி நிக்கிறீகளா, எறக்கணும்.”

முத்துக்கிருஷ்ணன் தள்ளி நின்றான்.

“சார், கொஞ்சம் இங்கிட்டு.”

அங்கிட்டு நின்றவன் இங்கிட்டு வந்தான். யாரோ ஒருவர் தோளில் சாக்கோடு, “அண்ணே, வழி வழி” என்றார். அவன் கடைப் படியில் இறங்கி நின்றான். படியில் பூ நிறுக்க வந்த பெண்கள் வரிசை. அவன் வரிசைக்கு வெளியே வந்தான். அங்கே ஒரு தள்ளுவண்டி திரும்ப இடம் கேட்டது. யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. எல்லோரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஒவ்வொரு தரமும் அரை அடி, ஒரு அடிதான் நகர்ந்தான். டீ வருகிறதா என்று நிமிர்ந்து பார்த்தபோது அவன் சாலையின் நடுவில் நின்றுகொண்டிருந்தான்.